சாமி ரூம் சாவி

ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. ஒட்டுக்கேக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க. ஆனா தோளும் தோளும் இடிக்கற சீட்டுல காதை எங்க கொண்டுபோயி வெக்கறது? நீங்க போன்ல பேசுனது பூராவும் உழுந்துபோச்சு. மகளுங்களா? வெளிநாட்டுல படிப்பு முடிச்சிருக்குது. புது ஊடு பால் காய்ச்சறதுக்கு வாம்மான்னு கூப்படறீங்க. விசாவுக்கு எழுதிப்போடற நேரம், இப்ப நகர முடியாதுங்குது. அதானுங்களே? நீங்க கோவத்துல போனை வெச்சுப்போட்டீங்க.

கோவம் வரத்தானுங்க செய்யும். பெத்தவன் கூப்பிட்டா வந்து நின்னுட்டுப் போகோணும். நான் உங்க பக்கமுங்க. ஏன் சொல்றேன்னா, என்ர பையனும் இங்கிலாந்துல படிச்சவந்தான். நான் ஒரே ஒரு போன் பண்ணேன். வந்துட்டான். இதே விசா, இதே நேரம். ஆனாலும் வந்துட்டான்.

எங்க எறங்கறீங்க? சிங்காநல்லூரா? நானும் அங்கதானுங்க. இன்னும் பல்லடமே வரல. அப்ப நிதானமாச் சொல்லலாம்.

பையன் பேரு நவநீதன். எங்களுக்கு குண்டடத்துக்குப் பக்கமுங்க. ஒரு பொண்ணு, ஒரு பையன். பொண்ணைத் திருப்பூருல குடுத்திருக்குது. பையன் இங்கிலாந்துக்குப் போயி சரக்குப் போக்குவரத்தைப் பத்திப் படிச்சான். கப்பல்ல ஏத்துன பொட்டி கடைக்கு எப்படி வந்து சேருதுங்கறத ஒரு வருசம் படிச்சானுங்க. இதையெல்லாமாடா படிப்பாங்கன்னு நானே கேட்டேன். சிரிப்பான். அப்பெல்லாம் நல்லாச் சிரிப்பான்.

படிப்பு முடிஞ்சா அங்கயே ரெண்டு வருசம் இருந்து வேலை தேடிக்கறதுக்குன்னு ஒரு விசா குடுக்கறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அதுக்கு ரெண்டு கண்டிசன். ரிசல்ட்டு வந்திருக்கோணும். அப்பறம், படிக்கப்போன விசா முடியறதுக்குள்ள அந்த நாட்டுக்குள்ள இருந்துக்கிட்டே எழுதிப்போடோணும். இவனுக்கு ஜனவரி முப்பதோட விசா முடியுது. ரிசல்ட்டு இருவத்திநாலாந்தேதி. நடுவுல ஆறு நாளுதான் இருக்குதுப்பா, இந்தியாவுல இருந்து போட்டாச் செல்லாதுப்பான்னு இருவது தடவை சொல்லியிருப்பான். நான் கேட்டேன், ஆளு எங்க இருந்து போடறான்னு அவனுகளுக்கு எப்படிடா தெரியும்? தெரியுமாமுங்க.

ஒரு கம்பெனிக்காரன் இவன்கிட்ட பேசி வேற வெச்சிருந்தான். அந்த விசா மட்டும் கையில வரட்டும், மார்ச்சு மாசம் வந்து சேந்துக்கன்னு சொல்லியிருந்தானாம்.

இந்த நேரத்துலதான் பேத்திக்குக் காது குத்து. மார்கழி முடியட்டும்னு காத்திருந்து, தை பொறந்ததும் மொத ஞாயித்துக்கெழமை, ஜனவரி பத்தொம்பது, குலதெய்வம் கோயில்லன்னு முடிவு பண்ணேன். தாய்மாமன் மடியில உக்கார வெக்காம காது குத்துன கொழந்தை எங்க வம்சத்துல கெடையாதுங்க. அந்தப் புள்ளைக்கு இருக்கறதும் ஒரே ஒரு மாமன். போன் போட்டேன். வீடியோவுல பாத்துக்கறேன்ப்பான்னான். வீடியோவுல மடி வருமாடான்னு கேட்டேன். அப்பறம், சரி, பதினாறாந்தேதி வர்றேன், இருவத்திரெண்டாந்தேதி திரும்பிருவேன், ஒரு நாள் கூட சேத்து இருக்கச் சொல்லாதீங்கப்பான்னான். நான் ஏஞ் சொல்றேன்?

வந்தான். குளிரு ஊருல இருந்து வந்ததுல நல்லா வெளுத்துப்போயி வந்தான். வாசல்ல கால் வெச்சதும், கொண்டாடா அந்தப் பாஸ்போர்ட்டன்னு வாங்குனேன். மஞ்சக் குங்குமம் வெச்சு, சாமி ரூமுல அம்மன் படத்துக்கு முன்னால வெச்சேன். எங்க ஊட்டுல அப்படித்தானுங்க. கரண்டு கார்டா இருந்தாலும் சரி, பத்தரமா இருந்தாலும் சரி, நல்ல காரியம் நடக்கோணும்னா சாமி காலடியில ஒரு ராத்திரி இருக்கோணும். ஞாயித்துக்கெழமை கோயிலுக்கும் எடுத்துட்டுப்போயி அம்மன் பாதத்துல வெச்சு வாங்கிக் குடுத்தர்லாம்னு இருந்தேன். அவன் நல்லதுக்குத்தானுங்களே? ஆருங்க பெத்த புள்ளைக்குக் கெட்டது நெனப்பாங்க?

சனிக்கெழமை காலையில பந்தக்கால் நட்டாச்சு. சமையக்காரன் அண்டா குண்டாவோட வந்து எறங்கியாச்சு. காயி வந்தாச்சு. எட்டரை மணிக்கு சேதி வருது, சென்னியப்பன் செத்துப்போயிட்டான்னு.

சென்னியப்பன் ஆருன்னா, என்ர பெரியப்பன் மகன். பங்காளி. என்னைய விட மூத்தவன். அவங்கூட நான் பேசி பதினோரு வருசம் ஆச்சுங்க. பொதுக் கெணறு ஒண்ணு இருக்குது எங்க ரெண்டு பேருக்கும். செவ்வாயும் வெள்ளியும் என்ர முறை. அவன் ஒரு வெள்ளிக்கெழமை மோட்டாரைப் போட்டுத் தண்ணி பாச்சிப்போட்டான். கேட்டா, மறந்துட்டேன் தம்பிங்கறான். வெள்ளிக்கெழமையை மறப்பானுங்களா ஒரு மனுசன்? அன்னைக்கு விட்டது பேச்சு. உசுரோட இருக்கும்போதும் என்னைய நிம்மதியா விடல, சாவறதுக்கும் அந்த நாளைத்தான் பாத்துப் புடிச்சான்.

பங்காளி எழவுன்னா பதினாறு நாள் தீட்டு. கோயிலுக்குள்ள போகக் கூடாது. காது குத்து நின்னுபோச்சு. சாமி ரூமுல வெளக்குப் பத்த வெக்கக் கூடாது, உள்ள போகக் கூடாது, ஒண்ணையும் தொடக் கூடாது. நான் ரூமைப் பூட்டி சாவியை அரைஞாண் கவுத்துல முடிஞ்சுக்கிட்டேன். பேத்தி தெரியாம உள்ள ஓடிரும்னுதானுங்க பூட்டுனேன். வேற ஒண்ணுமில்ல.

பாஸ்போர்ட்டு உள்ள இருந்துச்சு.

மறுநாள் காலையில வந்து, அப்பா, அதை எடுத்துக் குடுங்கன்னான். இப்ப எப்படி கண்ணு எடுக்கறது, தீட்டு கழியட்டும்னேன். திரும்பிப் போயிட்டான். இருவத்திரெண்டாந்தேதி பாத்தா, பொட்டி கட்டி வெச்சிருக்கறான், வாசல்ல காரு வந்து நிக்குது, ஏர்போட்டுக்கு. அப்பா சாவிங்கறான். அவங்கம்மா வந்து, நான் கண்ணை மூடிக்கிட்டு உள்ள போயி கையை மட்டும் நீட்டி எடுத்துட்டு வந்தர்றனுங்க, சாமிகிட்ட நான் சொல்லிக்கறேங்கறா. கண்ணை மூடுனாத் தீட்டு போயிருமாங்க? நீங்களே சொல்லுங்க. கார்க்காரனை நாந்தான் போகச் சொன்னேன். பாவம், அவனும் அவ்வளவு தூரம் வந்துட்டானேன்னு எளநி வெட்டிக் குடுத்துத்தான் அனுப்புனேன்.

இதுல இன்னொண்ணு சொல்லோணும். என்ர மேல தப்புன்னு எங்க ஊட்டுக்காரி சொல்றது இதைத்தான். அதுக்கு முந்தியே, எழவான மூணா நாளு பால் தெளிச்சுட்டு எல்லாரும் பந்தலடியில உக்காந்திருக்கறோம். சென்னியப்பன் பையன் பூபதி எந்திரிச்சு என்ர முன்னால வந்து நிக்கறான். சித்தப்பா, தம்பி அவசரமாப் போகோணும்னு சொல்றாங்க. இப்பெல்லாம் பலபேரு மூணா நாளே தீட்டைக் கழிச்சுக்கறாங்க. நாங்களும் இன்னைக்கே கழிச்சர்றோம், நீங்க ஊட்டுக்குப் போயி சாமி ரூமைத் தெறந்துக்கலாம்னான். ஊரே உக்காந்திருக்குது. அத்தனை பேரு முன்னாலயும் அவன் எனக்கு உபகாரம் பண்றான்! சென்னியப்பன் மகன்! நான் சொன்னேன், உங்கப்பன் எனக்குத் தண்ணி விட்டதே போதும் சாமி, நீ வேற வழி விட வேண்டாம், பெரிய மனுசன் சாவு, பதினாறு நாளும் முறையாத்தான் நடக்கோணும்னேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டான். ஊருல அன்னைக்கு எல்லாரும் என்ன பேசுனாங்க தெரியுங்களா? சண்டைக்காரன் சாவுக்குக் கூட முறை தப்பாம நிக்கறான் பாருன்னு பேசுனாங்க. என்ர காதாலயே கேட்டேன்.

நவநீதன் பந்தலுக்கு வெளிய வேப்ப மரத்தடியில நின்னுக்கிட்டிருந்தான். கேட்டிருப்பான்.

இருவத்திநாலாந்தேதி ரிசல்ட்டு வந்துச்சு. நல்ல மார்க்குங்க. மொத வகுப்புக்கும் மேல ஏதோ சொன்னான். எனக்கு அவ்வளவு சந்தோசம். தீட்டு இல்லீன்னா சக்கரைப் பொங்கல் வெச்சிருப்பேன். இருவத்தாறாந்தேதி மறுபடியும் வந்தான். அப்பா, நாலு நாளு இருக்குது, நாளைக்கு ஏறுனாக் கூடப் போதும்னான். சத்தமே போடலீங்க. எதோ கடைக்காரன்கிட்ட சக்கரை இருக்குதுங்களான்னு கேக்கற மாதிரி கேட்டான். நான் சொன்னேன், மூணு நாளு முன்னப் பின்ன ஆனா என்னடா குடியா முழுகிரும்? நம்ம தாலுக்கா ஆபீஸ்ல ஒரு பட்டாவுக்கு ஆறு மாசம் நடந்திருக்கறேன், தேதி தாண்டுனதுக்காக ஆரையாச்சும் வெரட்டி உட்டிருக்கறானா? ஊட்டுல எழவுன்னு ஒரு லெட்டரு எழுது, அவனுகளும் மனுசனுங்கதான்னேன். அதுக்கு அவன், சரிங்கப்பான்னான்.

இந்த இடத்துல நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க ஞாயமாச் சொல்லோணும். அந்த ரூமுக் கதவு எங்கப்பன் காலத்துக் கதவு. கீலு ஆடிக்கிட்டிருக்குது. ஒரு ஒதை ஒதைச்சாத் தெறந்துக்கும். இருவத்தியாறு வயசுப் பையன். ஏன் ஒதைக்கல? அவனுக்கு அவ்வளவு அவசரம்னா ஒதைச்சிருக்க வேண்டியதுதானுங்களே? நான் என்ன பண்ணியிருப்பேன்? சத்தம் போட்டிருப்பேன். ரெண்டு நாள் சோறு திங்காமப் படுத்திருப்பேன். அவ்வளவுதானுங்க நான் பண்ணியிருப்பேன். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்? அவன் ஒதைக்கலீங்க. நாள் பூராவும் அந்தக் கதவுக்கு நேரா ஒரு சேரைப் போட்டு உக்காந்திருந்தான். அதனாலதான் சொல்றேன், அவன் மேலயும் தப்பு இருக்குதுங்க.

முப்பத்தொண்ணாந்தேதி விடியால. நான் பால் கறந்துக்கிட்டிருக்கறேன். அஞ்சரை மணி இருக்கும். அங்க அப்பத்தான் நடுச்சாமமாம், தேதி மாறுதாம். எனக்கு அது அப்பறந்தான் தெரியும். வந்து பக்கத்துல நின்னான். முடிஞ்சுதுப்பான்னான். என்றா முடிஞ்சுதுன்னேன். ஒண்ணுமில்லப்பா, எருமைக்குத் தண்ணி வெச்சுட்டேன்னு சொல்லிட்டு பக்கெட்ட எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

பல்லடம் வந்துருச்சுங்க. இந்த ஸ்டாண்டுல பத்து நிமிசம் போட்டுருவான். டீ சாப்படறீங்களா? வேண்டாமா? சரி.

ரெண்டாந்தேதி கருமாதி முடிஞ்சுது. ஐயரு வந்து ஊடு பூராவும் தீர்த்தம் தெளிச்சாரு. தலைக்குத் தண்ணி வாத்துட்டு வந்து, மொத வேலையா ரூமைத் தெறந்து, பாஸ்போர்ட்ட எடுத்து, ரெண்டு கையிலயும் புடிச்சு அவன்கிட்டக் குடுத்தேன். அவனும் ரெண்டு கையிலயும் வாங்குனான். நாலு பக்கம் பொரட்டுனான். ஒரு பக்கத்துல கொஞ்ச நேரம் பாத்தான். அப்பறம் பழையபடி அதே அம்மன் படத்துக்கு முன்னால வெச்சுட்டு, அங்கயே இருக்கட்டும்ப்பான்னான். அவ்வளவுதான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. எம்மேல மரியாதைதானுங்களே அது? எங்க ஊட்டுக்காரி என்னமோ அன்னைக்குத்தான் அழுதா. பதினாறு நாளும் அழுகாதவ.

லெட்டரும் எழுதுனானுங்க. நான் சொன்னேன்னு எழுதுனான். சென்னியப்பன் எறந்த சர்ட்டிபிகேட்டு வேணும்னாங்க. நான் போயிக் கேப்பனா? பூபதியே ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வந்து இவன்கிட்டக் குடுத்துட்டுப் போனான். அங்கிருந்து ரெண்டே வரி பதில். தேதி முடிஞ்சுபோச்சு, நாட்டுக்கு வெளிய இருக்கறீங்க, ஒண்ணும் பண்றதுக்கில்ல. அந்தக் கம்பெனிக்காரன் ஒரு வாரம் பாத்துட்டு வேற ஆளை எடுத்துக்கிட்டான். அங்க ரூமுல இவனுது ரெண்டு பொட்டி கெடந்துச்சாம். துணிமணி, புஸ்தகம், ஒரு நல்ல ரைஸ் குக்கரு. கூட இருந்த பசங்க எங்கயோ தருமத்துக்குக் குடுத்துட்டாங்களாம். மறுபடியும் முயற்சி பண்ணுடான்னா, அந்த விசாவெல்லாம் ஒருக்காத்தான்ப்பாங்கறான். வேற விசா எடுடான்னா, கம்பெனிக்காரன் கூப்படோணுமாம். இங்க உக்காந்திருக்கறவனை ஆரு கூப்படுவா?

காது குத்துங்களா? அதையேங் கேக்கறீங்க. மாசியில வெச்சுக்கலாம்னு நான் கோயில்ல தேதி எல்லாம் வாங்கிட்டேன். பொண்ணுகிட்ட சொல்றதுக்கு போன் பண்ணா, குத்தியாச்சுப்பாங்கறா. திருப்பூருல ஒரு நகைக்கடையில, துப்பாக்கியாட்டம் ஒண்ணை வெச்சு டப்பு டப்புன்னு அஞ்சு நிமிசத்துல குத்திட்டாங்களாம். ஆரு மடியிலம்மான்னு கேட்டேன். அங்க ஒரு ஸ்டூலு இருந்துச்சுப்பாங்கறா. போட்டோ அனுப்புனா. பேத்தி சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்குது. நான் அந்தப் போட்டோவை இன்னும் முழுசாப் பாக்கலீங்க. என்னால முடியல.

இப்ப அவன் இங்க சிங்காநல்லூருலதான் இருக்கறான். பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்பல ஒரு பார்சல் ஆபீஸு. மூட்டைக்கு நம்பரு எழுதி லாரியில ஏத்தற வேலை. படிச்ச படிப்புதானுங்களே, சரக்கு எப்படிப் போகுதுங்கறது? நான் அப்படிச் சொன்னேன் ஒருக்கா, வெளையாட்டுக்கு. அவனும் ஆமாங்கப்பான்னான். ஊட்டுக்கு வர்றதில்ல. பொங்கலுக்கு வந்தான், காலையில வந்து சாயங்காலம் போயிட்டான். சாமி கும்படறப்ப ரூமுக்குள்ள வரல. வெளிய நின்னே கும்பிட்டுக்கிட்டான்.

என்னங்க, யாருக்குப் போன் பண்றீங்க? மகளுக்கா? பண்ணுங்க, பண்ணுங்க. கோவமாப் பேசாதீங்க, நல்லவிதமாச் சொன்னாக் கேக்கும்.

...ஏனுங்க! வர வேண்டாங்கறீங்க? அங்கயே இரு கண்ணு, பால் காய்ச்சறதை நாங்க பாத்துக்கறோம்ங்கறீங்க? இப்பத்தானுங்களே அவ்வளவு கோவமா இருந்தீங்க? நான் அதுக்காச் சொன்னேன் இவ்வளவும்? பெத்தவங்க கூப்பிட்டா வரோணும்ங்கறதுக்குத்தானுங்க சொல்ல வந்தேன். என்ர பையன் வந்தானே, அதைத்தானுங்க சொன்னேன். நீங்க என்னத்தைக் கேட்டீங்களோ போங்க.

சரி உடுங்க. உங்க புள்ளை, உங்க இஷ்டம்.

சூலூரும் தாண்டிருச்சு. இந்தப் பையில என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க? கொஞ்சம் கருவேப்பலை, அவங்கம்மா சுட்ட தட்டுவடை. அடியில மஞ்சத் துணியில சுத்தி அந்தப் பாஸ்போர்ட்டு. இன்னும் எட்டு வருசத்துக்குச் செல்லுமாமுங்க அது. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் கொண்டுக்கிட்டு வர்றேன். இது ஏழாவது வெள்ளி. குடுத்தர்லாம்னுதான் வருவேன். டீக்கடையில ரெண்டு பேரும் உக்காருவோம். சாப்பிட்டீங்களாப்பாம்பான். அம்மாளுக்கு மூட்டுவலி எப்படி இருக்குதும்பான். டீக்கு அவனே குடுப்பான். தட்டுவடையை வாங்கிக்குவான். பத்து நிமிசத்துல எந்திரிச்சு, வர்றேம்ப்பான்னு போயிருவான். அஞ்சு மணிக்கு இதே பஸ்ஸு திரும்புது. நானும் இதுலயே திரும்பிருவேன். அது பையிலயே இருக்கும்.

நானே நீட்டிரலாமேங்கறீங்க. அதெப்படிங்க? அன்னைக்கும் நாந்தானுங்களே குடுத்தேன், அவந்தான் திருப்பி வெச்சுட்டான். மறுபடியும் நானே கொண்டுபோயி நீட்டுனா, நான் தப்புப் பண்ணிட்டேன்னு ஆயிருமில்லீங்களா? அவன் கேக்கட்டும். அப்பா, அது எங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும். கேட்ட நிமிசம் குடுத்தர்றேன். அவ்வளவு வீம்பு அவனுக்கு. ஆருகிட்ட இருந்து வந்துச்சோ, தெரியலீங்க.

ஸ்டாண்டு வந்துருச்சு. இந்தப் பையைச் சித்த புடிங்க, வேட்டியைச் சரி பண்ணிக்கறேன். அதோ பாருங்க, நீலச் சட்டை, லாரிக்குப் பக்கத்துல, கையில அட்டை வெச்சு எழுதிக்கிட்டிருக்கறான் பாருங்க. அவந்தான் நவநீதன். மெலிஞ்சுட்டானுங்க.

என்னங்க? நீங்க கொண்டுபோயிக் குடுக்கறீங்களா?

வேண்டாமுங்க. குடுங்க பையை. நானே வெச்சுக்கறேன்.